நம்ம வீட்டு ஆள்

மடத்துக்கரையில் காக்கைகளுக்கு அந்தந்த வீட்டில் செத்துப்போனவர்களின் சாயல் உண்டு. மேலத்தெருத் தாசில்தார் வீட்டுக் காக்கை, தாசில்தாரைப் போலவே கழுத்தை உள்ளே இழுத்துக்கொண்டு நடக்கும். சும்மா கூப்பிட்டால் வராது, நாலு பேர் பார்க்கக் கூப்பிட்டால்தான் வரும். மளிகைக்கடை அங்கம்மாள் உயிரோடு இருந்தபோது எந்தச் சாமானையும் புரட்டிப் பார்க்காமல் வாங்கமாட்டாள். அவளுடைய காக்கையும் சோற்றை ஒரு புரட்டுப் புரட்டிவிட்டுத்தான் தின்னும். வெளியூரிலிருந்து பெண் பார்க்க வருகிறவர்கள் முதலில் மாடிக்குப் போய்ப் பெண்ணின் தாத்தாவையும் அவர் தம்பிகளையும் ஒரு பார்வை பார்த்துவிட்டு, பிறகு கீழே வந்து காபி குடிப்பார்கள்.

இதற்கு ஒரு முறை இருந்தது. பகல் சாப்பாட்டுக்கு முன்னால் முதல் பிடிச் சோற்றை மாடிக் கைப்பிடிச் சுவரில் வைத்துக் கூப்பிட வேண்டும். வந்து உட்காரும் காக்கைகளை வீட்டுக்காரர்கள் ஒவ்வொன்றாகப் பார்ப்பார்கள். சாயல் இருந்தால், "நம்ம வீட்டு ஆளுதான்" என்று சொல்லிச் சோற்றை அதன் பக்கம் நகர்த்துவார்கள். இல்லாவிட்டால், "யாரோ எவரோ" என்று சொல்லித் தோள்துண்டை வீசி விரட்டுவார்கள். யாரோ எவரோ காக்கைகள் எழுந்து பக்கத்து மாடிக்குப் போகும். அங்கேயும் அதே கேள்விதான். எந்த மாடியிலும் சொந்தம் கிடைக்காதவை ஊரைத் தாண்டிப் போய்விடும், அல்லது பள்ளிக்கூடத்துப் புளியமரத்தடியில் கிடக்கும். அவற்றைப் பற்றி யாரும் பேசுவதில்லை.

ஒரே காக்கைக்கு இரண்டு வீடுகள் சொந்தம் கொண்டாடியதும் உண்டு. விசாரித்தால் எங்கேயோ ஒரு தலைமுறையில், வெளியே சொல்லிக்கொள்ள முடியாத உறவு ஒன்று இருக்கும். அப்படி வெளியே வந்த உறவுகளில் ஒன்று இன்னும் கோர்ட்டில் இருக்கிறது. காக்கை இரண்டு வீட்டிலும் சாப்பிட்டுக்கொண்டிருக்கிறது.

கனகசபாபதிக்கு இந்த ஏற்பாட்டில் ஆட்சேபம் எதுவும் இருந்ததில்லை. அவர் அரசுப் பஸ்ஸில் செக்கர். நடுவழியில் பஸ்ஸை மறித்து ஏறி டிக்கெட் பார்ப்பது அவர் வேலை. வாயைத் திறந்து கேட்கமாட்டார். வலது கையை நீட்டி, தலையை இடப்பக்கம் சாய்த்து, இடது கண் இமையை அரைவாசி இறக்கிக்கொண்டு நிற்பார். டிக்கெட் எடுத்தவனுக்கே எடுத்தோமா என்று சந்தேகம் வந்துவிடும். வீட்டிலும் அதே கண்தான். பால்காரர் ஊற்றிய பாலைத் தூக்கிப் பாத்திரத்தின் அடியைப் பார்ப்பார். கோயிலில் விபூதி கொடுத்தால் திருப்பிப் பார்ப்பார். அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்பார்கள். கனகசபாபதிக்கு நல்ல வெளிச்சத்தில் தெரிகிறவற்றின் மேல்தான் சந்தேகம் அதிகம்.

அவருக்கும் மனைவி வேதவல்லிக்கும் பிள்ளைகள் இல்லை. டியூட்டி இல்லாத நாட்களில் அவரே மாடிக்குப் போய், தன் அப்பாவின் சாயலுள்ள காக்கையாகப் பார்த்துச் சோறு வைப்பார். மற்ற நாட்களில் வேதவல்லி வைப்பாள். அவள் யாருக்கு வைக்கிறாள் என்று அவர் கேட்டதில்லை. உலகத்தில் அவர் கேட்காமல் விட்ட ஒரே கேள்வி அதுவாகத்தான் இருக்கும்.

ஒருநாள் பஸ் வழியில் பழுதாகி நின்றதால் அவர் பகலிலேயே வீட்டுக்கு வந்தார். கீழே வேதவல்லி இல்லை. மாடிப்படி ஏறிப்போனபோது அவள் கைப்பிடிச் சுவர் பக்கம் நின்றுகொண்டிருந்தாள். சுவரில் ஒரே ஒரு காக்கை இருந்தது. அதன் இடது இமை அரைவாசி மூடியிருந்தது. அவருக்கு மோவாயில் மச்சம் இருக்கும் இடத்தில், அதற்கு அலகுக்குக் கீழே இறகில்லாத சின்ன வட்டம். அது தலையை இடப்பக்கம் சாய்த்து வலது காலை முன்னால் நீட்டியது. வேதவல்லி அந்தக் காலடியில் ஒரு வாழைப்பூ வடையை வைத்தாள்.

"நம்ம வீட்டு ஆளுதான்," என்றாள்.

கனகசபாபதி ஓசைப்படாமல் கீழே இறங்கி, சட்டையைக் கழற்றி மாட்டிவிட்டு, நாடியைப் பிடித்துப் பார்த்தார். அது ஓடிக்கொண்டிருந்தது.

காக்கைக்குச் சாயல் இருப்பதில் ஒன்றுமில்லை. ஆனால் செத்த பிறகு வரவேண்டிய காக்கை முன்னாலேயே வந்து உட்கார்ந்திருந்தால் அதற்குக் காரணம் இருக்க வேண்டும். டிக்கெட்டில் போட்டிருக்கும் ஸ்டாப்புக்கு முன்பே ஏறி ஜன்னலோரம் பிடித்திருக்கும் ஆட்களை அவர் நிறையப் பார்த்திருக்கிறார். கண்டக்டருக்குத் தெரியாமல் அது நடக்காது. இந்த வீட்டில் கண்டக்டர் யார் என்று யோசித்தால் வேதவல்லியைத் தவிர வேறு யாரும் இல்லை.

அன்று இரவு சாப்பிடும்போது சோற்றில் நெய் அதிகமாகத் தெரிந்தது.

"எதுக்கு இவ்வளவு நெய்?"

"நேத்தும் இவ்வளவுதான் ஊத்தினேன்."

நேற்றும் என்றால் இது இன்றைக்குத் தொடங்கியதில்லை. அவர் அதை மனத்துக்குள் போட்டுக்கொண்டார்.

"மத்தியானம் வடை சுட்ட வாசனை வருது. வடை எங்க?"

"தீந்துபோச்சு," என்றாள் வேதவல்லி. அவள் குரலில் ஒளிவுமறைவு எதுவும் இல்லை. அதுதான் அவரை உறுத்தியது.

மறுநாள் டாக்டரிடம் போய், இன்னும் எவ்வளவு காலம் தாங்குவேன் என்று கேட்டார். டாக்டர் குழாயை வைத்துப் பார்த்துவிட்டு, எல்லாம் நன்றாக இருக்கிறது, நெய்யை மட்டும் குறையுங்கள் என்றார். நெய்யைப் பற்றி இவர் வாயைத் திறக்கவே இல்லை. டாக்டருக்கு யார் சொன்னது என்று யோசித்துக்கொண்டே வீட்டுக்கு வந்தார்.

அதன்பிறகு சில நாள் லீவு போட்டார். டியூட்டிக்குப் போவதுபோல் காலையில் கிளம்பி, பின்பக்கமாக வந்து மாடித் தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் உட்கார்ந்துகொண்டார். பகலில் வேதவல்லி தட்டோடு வந்தாள். காக்கையும் வந்தது. அவள் சோற்றை வைத்துவிட்டுச் சுவரில் சாய்ந்துகொண்டு, கேஸ் சிலிண்டர் இன்னும் வராததையும், முழங்கால் வலியையும், எதிர்வீட்டு மருமகள் தண்ணீர்க் குழாயடியில் சொன்னதையும் சொன்னாள். காக்கை ஒவ்வொரு வாய்க்கும் நடுவில் நிமிர்ந்து அவளைப் பார்த்தது. எதற்கோ அவள் சிரித்தாள். அந்தச் சிரிப்பை அவர் கேட்டுப் பல வருஷங்கள் ஆகியிருந்தன. அவருக்குப் பொறாமையாக இருந்தது. தன் முகத்தையே வைத்துக்கொண்டிருக்கிற ஒரு காக்கையின் மேல் பொறாமைப்படுவது நியாயமா என்று யோசித்தார். நியாயம்தான் என்று பட்டது.

முதலில் அவருக்குத் தோன்றியது இதுதான்: காக்கை எங்கேயோ மறைந்திருந்து அவரைப் பார்த்துப் பார்த்துப் பழகியிருக்கிறது. ஆசைப்பட்டு முயன்றால் எதுவும் எதுவாகவும் ஆகிவிடும் என்று பள்ளிக்கூடத்தில் அவருக்குச் சொல்லிக்கொடுத்திருந்தார்கள். இதைப் பிடிப்பதற்கு ஒரு வழி செய்தார். தலையை இடப்பக்கம் சாய்ப்பதை விட்டுவிட்டு வலப்பக்கம் சாய்த்து நடந்தார். வீட்டிலும் தெருவிலும் பஸ்ஸிலும் அப்படியே. காக்கை பார்த்துப் படிக்கிறதென்றால் அதுவும் வலப்பக்கம் சாயத்தானே வேண்டும். அவருக்குக் கழுத்து சுளுக்கிக்கொண்டது. இந்த செக்கரைத் தெரியாது என்று சொல்லி இரண்டு பயணிகள் டிக்கெட் காட்ட மறுத்துவிட்டார்கள். காக்கை மட்டும் இடப்பக்கமே சாய்ந்து வடையைத் தின்றுகொண்டிருந்தது.

ஆக, அது படிக்கவில்லை. பிறக்கும்போதே அப்படிப் பிறந்திருக்கிறது. அப்படிப் பிறக்கும்படி யாரோ செய்திருக்கிறார்கள். இதையெல்லாம் தெரிந்துவைத்திருக்கிற ஆள் யார் என்று யோசித்தபோது செலின் டீச்சர் நினைவுக்கு வந்தார்.

செலின் டீச்சர் பெண்கள் மேல்நிலைப்பள்ளியில் விலங்கியல் நடத்துகிறவர். வாய்க்காலுக்கு அந்தப் பக்கம் மாதாகோயில் தெருவில் வீடு. அந்தத் தெருவில் காக்கைக்குச் சோறு வைக்கும் வழக்கம் கிடையாது. அங்கே இருக்கும் காக்கைகள் யாருடைய சாயலும் இல்லாத வெறும் காக்கைகள். வாய்க்காலின் அகலம் ஒரு மாட்டுவண்டி நீளம்கூட இருக்காது. இந்தப் பக்கம் தாசில்தார், அந்தப் பக்கம் காக்கை. இதுவே அவருக்குச் சந்தேகத்தைக் கிளப்பப் போதுமானதாக இருந்தது.

டீச்சர் முற்றத்தில் உட்கார்ந்து விடைத்தாள் திருத்திக்கொண்டிருந்தார். கனகசபாபதி நின்றபடியே வலது கையை நீட்டினார். டீச்சர் நாற்காலியைக் காட்டினார். அவர் உட்காரவில்லை.

"உங்க தெருக் காக்காவுக்கு ஏன் முகம் இல்ல?"

"நாங்க விரட்டறதில்ல சார்."

"சோறு வைக்கறதில்லன்னு சொல்லுங்க."

"அதுவுந்தான். ஆனா விரட்டறதும் இல்ல. இங்க எல்லாக் காக்காவும் ஒண்ணுதான்."

"எங்க வீட்டுக் காக்காவ என்னை மாதிரி ஆக்கினது யாரு?"

டீச்சர் நிமிர்ந்து அவர் இமையைப் பார்த்தார். ஏதோ தெரிந்த விடையைச் சரிபார்ப்பதுபோல் தலையை ஆட்டிக்கொண்டார்.

"யாரும் ஆக்கல. நாலு குஞ்சு பொரிச்சா நாலும் நாலு மாதிரி இருக்கும். அதுல ஒண்ணுக்கு இமை கொஞ்சம் தொங்கியிருக்கும். யாரோ அதுக்குச் சோறு வெச்சிருப்பீங்க, மத்ததுக்குத் துண்ட வீசியிருப்பீங்க. தின்னது பொழைச்சுக் குஞ்சு பொரிக்கும். அதுலயும் எதுக்கு இன்னுங் கொஞ்சம் தொங்குதோ, அதுக்குத் திரும்ப வெச்சிருப்பீங்க. அவ்வளவுதான்."

"இது திட்டம் போட்டுச் செய்யற வேலையால்ல இருக்கு. திட்டம் யாரோடது?"

"திட்டமே இல்ல சார்."

"திட்டம் இல்லாம ஒண்ணு இவ்வளவு தூரம் வரமுடியுமா? பஸ்ஸுல ஏறறவன்கூட எறங்கற எடத்தச் சொல்லித்தான் டிக்கெட் எடுக்கறான்."

டீச்சர் சிவப்புப் பேனாவை மூடினார்.

"இந்த பஸ்ஸுல எறங்கற எடம்னு ஒண்ணு கெடையாது. டிக்கெட்டும் கெடையாது. எங்க போறோம்னு தெரியாம நெறையப் பேரு ஏறினாங்க. வழியில எறக்கிவிடாத ஆளுங்க மட்டும் இன்னும் உக்காந்திருக்கோம். நீங்க, நானு, காக்கா, எல்லாரும்."

முழு பஸ்ஸும் டிக்கெட் இல்லாமல் ஓடிக்கொண்டிருப்பதைக் கனகசபாபதியால் நினைத்துப் பார்க்க முடியவில்லை. அவர் அப்போதுதான் நாற்காலியில் உட்கார்ந்தார்.

"அப்ப அது இன்னும் போகப் போக என்னைவிட ஒசத்தியா ஆயிடுமா?"

"ஒசத்தி தாழ்த்தின்னு இதுல இல்ல. சோறு எதுக்குக் கெடைக்குதோ அது இருக்கும். அப்புறம் இன்னொண்ணு சார். ஒரு காக்கா மாறாது. பொறந்தது பொறந்தபடியேதான் போகும். அதோட பிள்ளைங்கதான் கொஞ்சம் வேற மாதிரி வரும்."

கனகசபாபதி ஒரு கேள்வி கேட்க வாயெடுத்தார். பிள்ளை இல்லாத ஆள் என்ன ஆவான் என்பது அந்தக் கேள்வி. கேட்டால் டீச்சர் பதில் சொல்லிவிடுவார் என்று தோன்றியதால் கேட்காமல் எழுந்து வந்தார். வாய்க்கால் பாலத்தைத் தாண்டும்போது அவருக்குத் துக்கமாக இருந்தது.

அவர் அதோடு விட்டுவிடவில்லை. யாரோ சோறு வைத்திருப்பீர்கள் என்று டீச்சர் சொன்னாரே, அந்த யாரோ யார் என்று கண்டுபிடித்தாக வேண்டும். மறுநாள் காலை சவரம் செய்யும்போது கண்ணாடியில் தன் இமையைப் பார்த்தார். அப்பாவுக்கும் இப்படித்தானே இருந்தது என்று நினைத்தார். எந்தக் கண் என்று யோசித்தார். நினைவு வரவில்லை. அப்பாவின் மூக்கை நினைத்துப் பார்த்தார், பிறகு வாயை. இரண்டுமே கண்ணாடியில் இருந்தவையாகவே வந்தன. அப்பாவுக்கு மோவாயில் மச்சம் கிடையாது. அது மட்டும் நிச்சயமாகத் தெரிந்தது.

அப்பா போன புதிதில் அவர் அப்பாவைத்தான் தேடியிருப்பார். எப்போதோ ஒரு வருஷம் அந்த முகம் மங்கியிருக்கிறது. அதற்குப் பிறகு காலையில் கண்ணாடியில் பார்த்த முகத்தை மனத்தில் வைத்துக்கொண்டு மாடிக்குப் போய், அதற்குப் பொருத்தமான காக்கையாகப் பார்த்துப் பார்த்துச் சோறு வைத்திருக்கிறார். அப்பாவின் சாயலோடு வந்து உட்கார்ந்தவற்றை யாரோ எவரோ என்று சொல்லித் துண்டை வீசியிருக்கிறார். இத்தனை வருஷமாக அப்பாவுக்கு ஒரு பிடிச் சோறுகூடப் போகவில்லை. கனகசபாபதி பாதி முகத்தில் சோப்பு நுரையோடு நின்று அழுதார். பிறகு மீதியையும் சவரம் செய்துகொண்டார்.

ஆனாலும் கணக்கு உதைத்தது. அவர் மாடிக்குப் போனது லீவு நாட்களில் மட்டும். மற்ற நாட்களில் துண்டு வேதவல்லி கையில் இருந்தது. அவர் வைத்த சோற்றால் மட்டும் ஒரு காக்கைக்கு இவ்வளவு முகம் வந்திருக்க முடியாது.

அவள் அடுக்களையில் அரிசி களைந்துகொண்டிருந்தாள். அவர் வாசற்படியில் நின்று கேட்டார்.

"வேதா, நான் சாகணும்னு நெனைக்கிறியா?"

"இல்லியே," என்றாள்.

"அப்புறம் எதுக்கு உசிரோட இருக்கிறவனுக்குக் காக்காச் சோறு?"

வேதவல்லி கழுநீரை வடித்துவிட்டு இரண்டாவது தண்ணீர் ஊற்றினாள்.

"கல்யாணமாகி வந்த புதுசுல நீங்க விடிஞ்சு போனா பொழுதடைஞ்சுதான் வருவீங்க. பேச ஆள் கெடையாது. ஒருநாள் ஒரு காக்கா வந்து தலைய லேசாச் சாச்சுது. அவ்வளவுதான் ஒத்துமை. அதுக்கு வெச்சேன். அப்புறம் வந்ததுல எது இன்னுங் கொஞ்சம் உங்கள மாதிரி இருந்துச்சோ, அதுக்கு வெச்சேன். அப்படியே பழகிப்போச்சு."

"நான்தான் ராத்திரி வந்துடறேனே."

"வர்றீங்க."

"அப்ப அது யாரு? அதுவும் நானா?"

"அது எப்படி நீங்களாவும்? அது சாப்பிடறப்ப நிமிந்து பாக்கும்," என்றாள் வேதவல்லி.

கனகசபாபதி தன் வாழ்நாளில் எத்தனையோ பேரை நடுவழியில் இறக்கிவிட்டிருக்கிறார். இறங்கியவர்கள் சாலையோரம் எப்படி நின்றிருப்பார்கள் என்பது அப்போதுதான் அவருக்குத் தெரிந்தது. அன்று இரவு சாப்பிடும்போது அவர் நிமிர்ந்து பார்க்க முயன்றார். இமை தானாக இறங்கிக்கொண்டது.

"என்ன, உப்பு பத்தலியா?" என்று கேட்டாள் வேதவல்லி.

சரியாகத்தான் இருக்கிறது என்று சொல்லிக் குனிந்துகொண்டார். ஒரு காக்கை மாறாது என்று டீச்சர் சொன்னது நினைவுக்கு வந்தது.

கொல்லை வேப்பமரத்தில் அந்தக் காக்கை குஞ்சு பொரித்திருந்தது. பறக்கத் தொடங்கியதும் நாலும் கைப்பிடிச் சுவருக்கு வந்தன. அன்று கனகசபாபதிக்கு டியூட்டி இல்லை. இருவரும் மாடியில் இருந்தார்கள். நாலுக்கும் அவர் முகம்தான். மூன்று குஞ்சுகள் ஒவ்வொரு வாய்க்கும் நிமிர்ந்து வேதவல்லியைப் பார்த்துக்கொண்டே தின்றன. நாலாவது தள்ளி நின்றது. சோறு வைத்த இலையின் விளிம்பை அலகால் தூக்கி அடியில் பார்த்தது. ஒரு பருக்கையை எடுத்து வெயிலில் பிடித்துப் பார்த்துவிட்டுக் கீழே போட்டது. வேதவல்லியை ஒருமுறை, கனகசபாபதியை ஒருமுறை, மறுபடியும் வேதவல்லியை ஒருமுறை பார்த்தது. அதற்குள் மற்ற மூன்றும் சோற்றை முடித்துவிட்டன.

"இது யாரோ எவரோ," என்று சொல்லி வேதவல்லி துண்டை வீசினாள். அவள் அதைக் கோபமாகச் சொல்லவில்லை. எப்போதும் சொல்வதுபோல்தான் சொன்னாள்.

குஞ்சு எழுந்து பக்கத்து மாடிக்குப் போனது. அங்கேயும் துண்டு வீசினார்கள். அது ஊர்க்கோடியைப் பார்த்துப் பறந்தது. காக்கைக்கும் தன் குஞ்சு பொன்குஞ்சு என்பார்கள். கனகசபாபதிக்கு அந்த நாலில் எது தன் குஞ்சு என்று சந்தேகமே வரவில்லை. வாழ்க்கையில் சந்தேகம் வராத இடம் அது ஒன்றுதான். இன்னும் இரண்டு மூன்று முறை குஞ்சு பொரித்தால் போதும், அவர் முகம் இருக்கும், அவர் இருக்கமாட்டார். எல்லாக் காக்கையும் நிமிர்ந்து பார்த்துக்கொண்டிருக்கும்.

மறுநாள் டியூட்டிக்குக் கட்டிக்கொடுத்த சாப்பாட்டை அவர் ஊர்க்கோடி பஸ் டெப்போவுக்குப் பின்னால், பழைய டயர்கள் கிடக்கும் இடத்துக்கு எடுத்துப்போனார். குஞ்சு அங்கே ஒரு டயரின் மேல் இருந்தது. உடம்பு மெலிந்திருந்தது. அவர் டப்பாவைத் திறந்து வைத்தார். குஞ்சு வரவில்லை. அவர் நாலடி பின்னால் போனார். அது டப்பாவைச் சுற்றி வந்து, மூடியைத் திருப்பிப் பார்த்தது. அவரைப் பார்த்தது. இந்த மனிதர் எதற்காகச் சோறு போடுகிறார் என்று அது யோசிப்பது அவருக்கு நன்றாகப் புரிந்தது. அவராக இருந்தாலும் அப்படித்தான் யோசித்திருப்பார். அவர் இன்னும் நாலடி பின்னால் போய், திரும்பி நின்றுகொண்டார்.

"நம்ம வீட்டு ஆளுதான்," என்றார் சுவரைப் பார்த்து.

கொஞ்ச நேரம் கழித்துப் பின்னால் அலகு தகரத்தில் படும் சத்தம் கேட்டது. அவருக்குச் சந்தோஷமாக இருந்தது.

அன்றிலிருந்து அவர் சாப்பாடு டெப்போவுக்குப் பின்னால்தான் போனது. அவர் டீயும் பன்னும் சாப்பிட்டார். குஞ்சு தேறியது. அங்கேயே ஒரு கம்பத்தில் கூடு கட்டியது. அதன் குஞ்சுகளில் எது அதிகமாகத் திருப்பிப் பார்த்ததோ, அதற்கு அவர் முதலில் வைத்தார். கண்டக்டர்கள் யாரும் ஒன்றும் கேட்கவில்லை. கேட்டது வேதவல்லிதான்.

"முன்னெல்லாம் டப்பாவுல ஒரு பருக்கை ரெண்டு பருக்கை ஒட்டியிருக்கும். இப்ப தொடைச்சு வெச்ச மாதிரி வருது."

"நல்லா இருந்துச்சு. சாப்பிட்டேன்."

"பாகற்காயையுமா?"

வேதவல்லி டப்பாவைத் தூக்கி வெளிச்சத்தில் பிடித்து அடியைப் பார்த்தாள். முதல்முறையாகத் தன்னை ஒருவர் சோதிக்கிறார் என்பதை அவர் கவனித்தார். அன்று இரவு அவள் அவர் சாப்பிடுவதை வாய்க்கு வாய் பார்த்துக்கொண்டிருந்தாள். என்ன பார்க்கிறாள் என்று தெரிந்துகொள்வதற்காக அவரும் நிமிர்ந்து நிமிர்ந்து பார்த்தார்.

பிறகு அவருக்கு ரிட்டயர்மெண்ட் ஆனது. மாலை போட்டு ஒரு கடிகாரம் கொடுத்தார்கள். அவர் கடிகாரத்தைத் திருப்பிப் பார்த்துவிட்டு வாங்கிக்கொண்டார். அவர் இடத்துக்கு டெப்போவில் வேறு ஆள் போடவில்லை. ஏன் போடவில்லை என்று அவர் கொஞ்சநாள் யோசித்தார்.

ஒரு தை மாதம், வேதவல்லியின் தங்கை வீட்டு விசேஷத்துக்கு இருவரும் பஸ்ஸில் போனார்கள். அவரிடம் ரிட்டயர் ஆனவர்களுக்கான பாஸ் இருந்தது. அவளுக்கு டிக்கெட் எடுத்தார்கள். ஆற்றுப்பாலத்தைத் தாண்டியதும் டிரைவர் பஸ்ஸை ஓரமாக நிறுத்தினார். முன்படி வழியாக ஒரு காக்கை ஏறியது.

பஸ்ஸில் பேச்சு அடங்கியது. எல்லோரும் சட்டைப்பையிலும் முந்தானை முடிச்சிலும் தேடி டிக்கெட்டை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டார்கள். காக்கை ஒவ்வொரு சீட்டின் கம்பியிலும் உட்கார்ந்து, தலையை இடப்பக்கம் சாய்த்து, வலது காலை நீட்டியது. டிக்கெட்டின் இரண்டு பக்கமும் பார்த்துவிட்டு அடுத்த சீட்டுக்குப் போனது. நடுவில் ஒருவர் அதை ஏமாற்றிப் பழைய டிக்கெட்டைக் காட்டினார். அது அலகால் படிக்கட்டைக் காட்டியது. அவர் பையை எடுத்துக்கொண்டு இறங்கிவிட்டார். கனகசபாபதி அதன் வேலையைக் குறை கண்டுபிடிக்கும் கண்ணோடு பார்த்தார். குறை ஒன்றும் இல்லை.

அவர் முறை வந்தது. அவர் பாஸை நீட்டினார். காக்கை அதிலிருந்த படத்தைப் பார்த்தது. படத்தில் அவருக்கு மீசை இருந்தது, கறுப்பாக. பிறகு அவரைப் பார்த்தது. அவர் இப்போது மீசை வைத்துக்கொள்வதில்லை. சமீபகாலமாக நிமிர்ந்து நிமிர்ந்து பார்த்ததில் இமை பழையபடி இறங்குவதும் இல்லை. காக்கை படத்தைப் பார்த்தது, அவரைப் பார்த்தது, மறுபடி படத்தைப் பார்த்தது. பிறகு அலகைப் படிக்கட்டுப் பக்கம் திருப்பியது.

கனகசபாபதி வாதாடவில்லை. அதன் இடத்தில் இருந்திருந்தால் அவரும் அதைத்தான் செய்திருப்பார். அவர் எழுந்து நின்று, மேலே வைத்த பையை எடுத்துக்கொண்டு, வேதவல்லியைப் பார்த்தார்.

வேதவல்லி ஜன்னலோரத்திலிருந்து இந்தப் பக்கம் திரும்பி, முதலில் காக்கையைப் பார்த்தாள். பிறகு அவரைப் பார்த்தாள். இமையை, மூக்கை, மோவாயில் இருந்த மச்சத்தை, ஒவ்வொன்றாக, மாடிச்சுவர் பக்கம் நின்று பார்ப்பதுபோல் நிதானமாகப் பார்த்தாள். அவள் மடியில் துண்டு இருந்தது. கனகசபாபதி பையைப் பிடித்துக்கொண்டு நின்றார். பஸ் முழுக்கக் காத்திருந்தது.

"நம்ம வீட்டு ஆளுதான்," என்றாள் வேதவல்லி.

காக்கை கொஞ்சம் யோசித்தது. பிறகு காலை மடக்கிக்கொண்டு அடுத்த சீட்டுக்குப் போனது.